வாங்க என்கிற பொத்தான்

என் மகளை முதன்முதலில் 'நீங்க' என்று அழைத்தவர் அவர்தான். மகளுக்கு அப்போது ஐந்து மாதம். லேசான சளி. மூச்சு விடும்போது மூக்கில் மெல்லிய விசில் சத்தம் கேட்டது. அது சாதாரணச் சளியா, நுரையீரல் வரை போய்விட்டதா என்று காலையிலிருந்து கைப்பேசியில் தேடித் தேடிப் படித்தேன். பயம் தாங்காமல் புக்கிட் ரோத்தானிலிருந்து கோல சிலாங்கூருக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனேன்.

ஊரை ஒட்டிய குன்றின் அடிவாரத்துக் கடைவரிசையில் இருந்த தனியார் கிளினிக் அது. உள்ளே நுழைந்ததும் கண்ணாடி போட்ட கவுண்டர். அதன் பின்னால் ஊதாச் சீருடையில் அவர் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம்.

"அவங்களுக்கு எத்தனை மாசம்?" என்று கேட்டார்.

எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

"இவங்கதான்மா," என்று என் தோளில் கிடந்தவளைப் பேனாவால் காட்டினார்.

எடை பார்க்கும் தட்டில் படுக்க வைத்ததும் மகள் வீறிட்டாள். அவர் கவுண்டரை விட்டு வெளியே வந்து, குனிந்து, அவள் முகத்துக்கு நேராகப் பேசினார். "ஏன் அழுவுறீங்க? எடைதான பாக்குறோம். ஊசி இல்ல. கொஞ்ச நேரம் அசையாம இருங்க, முடிஞ்சிரும்."

குழந்தைகளை 'வாங்க தங்கம், போங்க தங்கம்' என்று கொஞ்சுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இது கொஞ்சல் இல்லை. குரல் குழையவில்லை. வங்கியில் பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் பேசுவது போலப் பேசினார். மகள் அழுகையை நிறுத்தினாள் என்று எழுத ஆசைதான். நிறுத்தவில்லை. இன்னும் சத்தமாக அழுதாள்.

அதன்பிறகு அடிக்கடி போனேன். பல் முளைத்தபோது, கொசு கடித்து வீங்கியபோது, ஒரு நாள் அவள் வழக்கத்தைவிட அதிகம் தூங்கிவிட்டாள் என்பதற்காகவும். "டாக்டருக்குக் கடை வாடகையே நம்மதான் கட்டுறோம்," என்பார் என் கணவர். ஒவ்வொரு முறையும் டாக்டர் ஒன்றுமில்லை என்பார். வெளியே வந்து காரில் ஏறும்போதே, ஒன்றுமில்லை என்று இவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட்டாரே, சரியாகப் பார்த்தாரா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும். கவுண்டர் அக்கா மட்டும் என்னைப் பார்த்து ஒரு நாளும் சிரித்ததில்லை. "வந்தது நல்லது. இப்ப நீங்க தூங்கலாம்," என்பார்.

அவர் யாரையும் எதையும் 'நீ' என்று சொன்னதில்லை என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நாளானது. மருந்துப் பெட்டி கொண்டுவரும் பையன் 'நீங்க'. வாசலில் படுத்திருக்கும் பூனை 'நீங்க'. உங்கள் பார்சல் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது என்று பொய் சொல்லி அழைக்கும் மோசடிக்காரன்கூட அவருக்கு 'என்சிக்'தான், மலாயில் 'ஐயா'. அவனிடம், "என்சிக், இது நல்ல வேலை இல்ல. வேற தேடுங்க," என்று மலாயில் பொறுமையாகச் சொல்லிவிட்டுத் துண்டிப்பார்.

ஒரு நாள் பின்கதவு வழியாகக் குன்றுக் குரங்கு ஒன்று உள்ளே வந்து, அவர் பாதி தின்று வைத்திருந்த கறிபாப்பைத் தூக்கிக்கொண்டது. நோயாளிகள் எல்லாரும் கத்தினார்கள். அவர் துடைப்பத்தைக் கையில் எடுத்தார். ஆனால் ஓங்கவில்லை.

"அத வச்சிட்டுப் போங்க. உங்களுக்குக் காரம் ஆகாது."

குரங்கு அவரைப் பார்த்துக்கொண்டே ஒரு கடி கடித்தது.

"சொன்னா கேக்க மாட்டீங்களா?" என்றார்.

கட்டைவிரலில் கட்டுப் போட்டிருந்த லோரிக்கார அண்ணன் நாற்காலியில் மடங்கி மடங்கிச் சிரித்தார். "அக்கா, அடுத்து அடையாளக் கார்டு, ஐசி கேளுக்கா. கார்டு போட்டுக் குடு, டாக்டர பாக்கட்டும்!"

"நீங்க சும்மா இருங்க அண்ணே. அவங்க பயந்துட்டாங்க."

நான் கதை எழுதுவது அவருக்குத் தெரிந்தது அந்தக் காத்திருக்கும் அறையில்தான். கதை என்றால் புத்தகக் கதை இல்லை. கைப்பேசியில் படித்துக்கொண்டே விளையாடும் கதை. ஓர் இடத்தில் கதை நின்று, 'ஆற்றைக் கடப்பதா, திரும்பிப் போவதா?' என்று கேட்கும். கீழே இரண்டு பொத்தான்கள் இருக்கும். படிப்பவர் எதை அழுத்துகிறாரோ, கதை அந்தப் பக்கம் போகும். ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்தபோது மதிய இடைவேளைகளில் ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட கதைகளை விளையாடிப் பழகியிருந்தேன். மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். கோலாலம்பூரில் ஒரு சின்ன நிறுவனம் தமிழில் இப்படிக் கதைகள் தேடுவதாக ஒரு தோழி சொன்னாள். யோசனையைச் சில நிமிடத்தில் அவர்களிடம் சொல்ல வேண்டும். அதைப் பிட்ச் என்பார்கள். பிடித்தால் எழுதச் சொல்லி, தொடர்ந்து வேலையும் கொடுப்பார்கள். வீட்டிலிருந்தே எழுதலாம். மகளை ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை. எனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று கணவரிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. சொல்லி, கிடைக்காமல் போனால் என்ன செய்வது?

என் முதல் யோசனை, ஆள் போய்விட்ட தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், ஒரு பேய். எல்லாரும் எழுதுவதுதான். ஊசி போடக் காத்திருந்த நேரத்தில் கைப்பேசியில் அதைத் திருத்திக்கொண்டிருந்தேன். அக்கா என்ன என்று கேட்டார். விளக்கிச் சொல்லிக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் திரையைப் படித்தார். 'நீ ஒரு பாழடைந்த லயத்தின் முன் நிற்கிறாய்.'

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"யாரும்மா இவங்க, என்னைய 'நீ'ங்கிறது?"

"கதை சொல்றவர் அக்கா."

"அவங்களுக்கு என்னைய முன்ன பின்ன தெரியுமா?"

"தெரியாது..."

"அப்புறம் எப்படி?"

சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே பூனைக்கும் பிரதமருக்கும் ஒரே சொல். தமிழில் முதல் வரி எழுதும்போதே படிப்பவரை நீ என்பதா நீங்கள் என்பதா என்று முடிவுசெய்தாக வேண்டும். இதைப் பற்றி நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை என்பது எனக்கே அதிசயமாக இருந்தது. எதைத்தான் நான் யோசிக்காமல் விட்டிருக்கிறேன்?

அன்றிரவு அதே யோசனையாக இருந்து, விடிந்ததும் இரண்டாவது கதையைப் பிடித்தேன். கதை ஆரம்பத்தில் படிப்பவரை நீ என்றுதான் அழைக்கும். அவர் நல்ல முடிவுகளை எடுக்க எடுக்க, ஒரு கட்டத்தில் சத்தமில்லாமல் நீங்கள் என்று மாறிவிடும். மரியாதையைச் சம்பாதிக்க வேண்டும். தமிழில் மட்டுமே செய்ய முடிகிற வித்தை. காணொளி அழைப்பில் அந்த நிறுவனத்தாரிடம் சொன்னேன். மூன்று பேர் இருந்தார்கள். கண்ணாடி போட்ட ஓர் இளம்பெண்தான் அதிகம் பேசினாள்.

"செம்ம ஐடியா சிஸ்! இது வேற யாரும் பண்ணல. ஒரு சாம்பிள் எழுதி, நாலு பேருக்கு வெளாடக் குடுத்து, அவங்க என்ன சொன்னாங்கன்னு எடுத்துட்டு வாங்க. நேர்ல பேசலாம்."

நாலு பேருக்கு எங்கே போவேன்? கிளினிக்குக்குத்தான் போனேன். அன்று மகளுக்கு நிஜமாகவே காய்ச்சல் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா விஷயத்தைக் கேட்டதும் கவுண்டர் சன்னலை முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டார். "எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. இந்தத் தங்கச்சி கதை கட்டியிருக்காங்க. நான் படிக்கிறேன். எங்க போவணும்னு நீங்க கை தூக்கிச் சொல்லணும்." மலாய்க்கார மாச்சிக் ஒருவர், வயதான அம்மா, ரத்த அழுத்தம் பார்க்க வந்திருந்தார். அவருக்கு மலாயிலும் சொன்னார். காய்ச்சல்காரர்கள், வயிற்றுவலிக்காரர்கள் எல்லாரும் கை தூக்கினார்கள். லோரிக்கார அண்ணன் கட்டுப் பிரிக்க வந்திருந்தார்.

"ரெண்டாவதுதான்! ரெண்டாவது போடுக்கா!"

"அண்ணே, நீங்க ரெண்டு கையும் தூக்குறீங்க."

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு கட்டுக்குலா."

'நீ' என்பது 'நீங்கள்' ஆன இடம் வந்தபோது அண்ணன், "டேய், மரியாதை குடுக்குறான்டா!" என்று தொடையில் தட்டினார். அக்கா அதை மாச்சிக்குக்கு விளக்கினார். எங்கள் மொழியிலும் இது உண்டு என்று மாச்சிக் தலையை ஆட்டினார். பிடித்திருக்கிறதா என்று அக்கா கேட்டதும் எல்லார் கையும் மேலே போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா கை மட்டும் கவுண்டர் மேலேயே இருந்தது.

"அக்கா, உங்களுக்குப் பிடிக்கலியா?"

"நல்லாத்தாம்மா இருக்கு." கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு. ஆரம்பத்துல நான் என்ன தப்பு பண்ணேன்?"

"என்ன தப்பு?"

"கதைக்குள்ள இப்பதான வந்தேன். ஒண்ணுமே பண்ணல. அதுக்குள்ள 'நீ'ன்னு கொறைச்சாச்சு. அப்புறம் நல்லது பண்ணா கூட்டிக் குடுப்பாங்க. மொதல்லயே ஏன் கொறைச்சாங்க?"

மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், காய்ச்சல் அளந்து, அந்தக் கேள்வியை நினைத்து, மறுபடி காய்ச்சல் அளந்தேன்.

இந்தப் பழக்கம் அவருக்கு எப்படி வந்தது என்று இருமுறை கேட்டிருக்கிறேன். இரண்டு பதில்கள் கிடைத்தன. ஒருமுறை சொன்னார்: இவர் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கர், இவர் அப்பாவை 'வாடா போடா' என்பாராம். அப்பா, கிராணியின் பள்ளிக்கூடம் போகிற மகனை 'வாங்க தம்பி' என்பாராம். "யாருக்கு எவ்ளோன்னு அளந்து குடுக்கிறது எனக்கு ஆவல. அதான் எல்லாருக்கும் ஒரே மாதிரி." இன்னொரு முறை கேட்டபோது, "ஐயோ, அதெல்லாம் இல்லம்மா. வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு அம்மாவ 'நீ'ன்னுட்டேன். அவங்க இன்ஸ்பெக்டர் பொண்டாட்டி. டாக்டர் ஏசிட்டாரு. அன்னையிலேருந்து வாய் பழகிப்போச்சு," என்றார். இரண்டில் எது உண்மை என்று எனக்குத் தெரியாது. இரண்டுமே இருக்கலாம்.

அக்காவுக்கு அந்த மரியாதை திரும்பக் கிடைத்ததா என்றால், இல்லை. ஒரு முறை வரிசையைத் தாண்டிக்கொண்டு வந்த ஓர் ஆள் கண்ணாடியில் தட்டி, "நீ என்ன பெரிய இவளா? கூப்புடு டாக்டர!" என்று கத்தினார். எனக்கு மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிடலாம் போல இருந்தது. அக்கா அவருடைய அட்டையை எடுத்து, "உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரு இருக்காங்க. உக்காருங்க, தண்ணி வேணுமா?" என்றார். அந்த ஆள் உட்கார்ந்தார். எனக்கு அன்று அக்காவை நினைத்துப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. அந்த 'ங்க' ஒரு கண்ணாடி போலவும் தோன்றியது. எந்தக் கல்லும் உள்ளே போகாது. வேறு எதுவும் போகுமா?

அவர் கேள்விக்காகவே கதையைத் தலைகீழாக மாற்றினேன். படிப்பவர் முதல் வரியிலிருந்தே நீங்கள்தான். அவர் ஒரு கிளினிக் கவுண்டரில் வேலை பார்க்கிறார். வருகிறவர்களை எப்படி அழைப்பது என்பதுதான் அவர் எடுக்க வேண்டிய முடிவு. ஒவ்வொரு திரையிலும் இரண்டே பொத்தான்கள். 'வாங்க.' 'வா.' குடிகாரர் வருவார், வீட்டு வேலைக்காரப் பெண் வருவார், பழைய முதலாளி வருவார். ஒரு சொல்லில் கதை திரும்பும். மிகவும் எளிமையாக, புதிதாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, கோலாலம்பூருக்கு நேரில் போனேன்.

கண்ணாடிப் பெண் எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து விளையாடினாள். வாங்க. வாங்க. வாங்க. வாங்க. கதை முடிந்தது.

"சிஸ்," என்றாள் மெதுவாக. "எல்லாரும் நல்லவங்களா இருக்கணும்னுதான் நெனைப்பாங்க. எல்லாரும் 'வாங்க'தான் அழுத்துவாங்க. எது சரின்னு முன்னாடியே தெரிஞ்சா அது சாய்ஸே இல்ல. எங்களுக்குப் பழைய ஐடியாதான் வேணும். 'நீ' நீங்களாறது."

"அதுல ஒரு தப்பு இருக்கு," என்றேன்.

"என்ன தப்பு?"

அக்காவின் கேள்வியைச் சொன்னேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது புரிந்தது. ஆனால் புரிந்ததால் என் புதிய கதை நல்லதாகிவிடவில்லை. "அடுத்த வாரம் வரைக்கும் டைம் எடுத்துக்குங்க. பழசக் குடுங்க, இல்ல இத சரி பண்ணிக் குடுங்க. அதுக்கப்புறம் வேற ஆளப் பாக்கணும், சாரி சிஸ்."

மறுநாள் கிளினிக்குக்குப் போனேன். மகளுக்கு எதுவும் இல்லை. முதல்முறையாக அப்படிப் போனேன். மதிய இடைவேளை, அறை காலியாக இருந்தது. அக்கா முன்னால் கைப்பேசியை வைத்து நடந்ததைச் சொன்னேன்.

"பழசையே குடுத்துடுங்கம்மா," என்றார். "வேலதான முக்கியம். நான் எதையாச்சும் சொல்லுவேன். அதுக்காக சோத்துல மண்ணப் போட்டுக்குவாங்களா?"

"இத ஒரு தடவ வெளாடுங்கக்கா. அப்புறம் முடிவு பண்றேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் திரையிலேயே, "இது நான்தான?" என்றார். சும்மா என்றேன். குடிகாரருக்கு வாங்க. வேலைக்காரப் பெண்ணுக்கு வாங்க. முதலாளிக்கு வாங்க. கோலாலம்பூர்ப் பெண் சொன்னது எவ்வளவு சரி. இவரே இப்படி என்றால் இனி யார் 'வா'வை அழுத்தப் போகிறார்கள்? பழைய கதையைக் கொடுத்துவிடுவது என்று மனதுக்குள் முடிவுசெய்துவிட்டேன்.

அடுத்த திரை: 'இருமிக்கொண்டே ஒரு பெண் வருகிறார். உங்களோடு தோட்டத்துப் பள்ளியில் ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவர். பல வருடமாகப் பார்க்கவில்லை.'

அக்காவின் விரல் நின்றது. திரையை மேலே தள்ளிப் பார்த்தார், கீழே தள்ளிப் பார்த்தார்.

"இதுல வாடி இல்லையே," என்றார்.

"என்னக்கா?"

"வாங்க இருக்கு, வா இருக்கு. வாடி எங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்களாக்கா? வாடியா?"

அவர் சிரிக்கவில்லை. "வாங்கன்னு சொன்னா அவங்க திரும்பிப் போயிருவாங்கம்மா."

பிறகு, மருந்துப் பைகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே சொன்னார். ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. குளிக்கப் போவது, விறகு பொறுக்கப் போவது, எல்லாம் ஒன்றாக. அந்தத் தோழிக்குக் கல்யாணமாகி பாகான் நக்கோடா ஓமார் என்கிற கடலோர ஊர்ப் பக்கம் போய்விட்டார். "இங்க வேலைக்கு வந்து கொஞ்ச வருசத்துல ஒரு நாள் வந்தாங்க. இதே கதவுதான். நல்ல கூட்டம். நான் தலைய நிமிந்து, 'வாங்க, பேரு சொல்லுங்க'ன்னேன்."

"யாருன்னு தெரியாமயா?"

"தெரிஞ்சுதாம்மா. அடையாளம் தெரிஞ்சுருச்சு. வாய் பழக்கம். 'பேரு சொல்லுங்க'ன்னு வேற கேட்டுட்டேன்." ஒரு பையை எடுத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தார். "அவங்க என்னையே பாத்தாங்க. அப்புறம் பேரச் சொன்னாங்க. முழுப் பேரு. ஐசில உள்ள மாதிரி, அப்பா பேரோட."

"அப்புறம்?"

"மருந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க."

மாத்திரை எண்ணும் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நடுவில் கண்ணாடி இருந்தது. எழுந்து சுற்றிக்கொண்டு உள்ளே போகலாமா, நோயாளி உள்ளே போகலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் தட்டைத் துடைத்து முடித்துவிட்டார்.

"அக்கா, இத எழுதலாமா?"

"எழுதுங்க. பேரு மட்டும் வேணாம். அவங்களுதும் வேணாம், என்னுதும் வேணாம்."

அதனால்தான் இங்கேயும் பெயர் இல்லை.

அங்கேயே உட்கார்ந்து மூன்றாவது பொத்தானைச் சேர்த்தேன். வாங்க என்று அழுத்தினால், அந்தப் பெண் தன் முழுப் பெயரைச் சொல்லி, மருந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். கதை அவரைத் திரும்ப எங்கும் காட்டாது. வாடி என்று அழுத்தினால் அவர் பதில் சொல்வார். என்ன பதில் என்று எனக்குத் தெரியவில்லை. 'எப்படி இருக்கே? பார்த்து எவ்வளவு நாளாச்சு!' என்று எழுதிக் காட்டினேன். அக்கா உதட்டைப் பிதுக்கினார்.

"அவங்க இப்படிப் பேச மாட்டாங்க."

"எப்படிப் பேசுவாங்க?"

அக்கா கதவைப் பார்த்தார். யாரும் இல்லை. குரலைத் தாழ்த்தி, ஆனால் வேறு யாரோ பேசுவது போன்ற துடுக்குக் குரலில் சொன்னார்: "எரும, சீருட போட்டா கண்ணு தெரியாதா ஒனக்கு?"

அதை அப்படியே தட்டச்சு செய்தேன்.

கோலாலம்பூர்ப் பெண் விளையாடியபோது நான் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்க. வாங்க. வாங்க. தோழி வந்தார். அவள் யோசிக்காமல் வாங்க என்பதை அழுத்தினாள். தோழி பெயரைச் சொன்னார், மருந்து வாங்கினார், போனார். அந்தப் பெண் கதை முடியும்வரை அவருக்காகக் காத்திருந்தாள். "அவங்க வரவே மாட்டாங்களா?" என்று கேட்டாள். "பின்னாடி போற பட்டன் எங்க சிஸ்?"

"இல்ல," என்றேன். அதுவரை திரையின் ஒரு மூலையில் இருக்கத்தான் இருந்தது. அந்த நொடியில்தான் அதை எடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். யாரையும் கேட்காமல் நான் எடுத்த முடிவு அது. இன்றும் அதைத் திரும்ப யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் மாற்றவில்லை.

கதையை எடுத்துக்கொண்டார்கள். வேலையும் கிடைத்தது. இதையெல்லாம் சொல்ல கிளினிக்குக்குப் போனபோது அக்கா மகிழ்ந்து, என் மகளிடம், "உங்கம்மா பெரிய ஆளாயிட்டாங்க, தெரியுமா உங்களுக்கு?" என்றார். பிறகு, கதை வெளிவந்ததும் தனக்கு அந்த லிங்க் வேண்டும் என்றார்.

"தோட்டத்து ஆளுங்க வாட்சப் குரூப் ஒண்ணு இருக்கு. அதுல அவங்களும் இருக்காங்க. தீவாளிக்குப் பூப்படம் போடுவாங்க. நானும் போடுவேன். அவ்வளவுதான் பேச்சு."

கதை வெளிவந்த அன்றே அனுப்பினேன். அடுத்த நாள்கள் எனக்கு நிம்மதியே இல்லை. அந்த அம்மாவுக்குக் கோபம் வந்தால்? தன் கதையை ஊருக்கே விளையாட விட்டுவிட்டாள் என்று அக்கா மேல் ஆத்திரப்பட்டால்? இருக்கிற பூப்படமும் நின்றுபோனால்? அக்காவைக் கைப்பேசியில் அழைத்துக் கேட்கவும் பயமாக இருந்தது.

வாரக் கடைசியில் மகளுக்குத் தடுப்பூசி. கவுண்டருக்குப் போனதும் அக்கா எழுந்து நின்றார். கையில் கைப்பேசி. "குரல் பதிவு ஒண்ணு வந்திருக்கு. நேத்தே வந்துருச்சு. நான் இன்னும் கேக்கல," என்றார். "கொஞ்சம் கூட இருங்களேன்."

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கவுண்டரைச் சுற்றி உள்ளே போனேன். அக்கா பொத்தானை அழுத்தினார். பின்னணியில் மோட்டார் சத்தம், யாரோ மீன் விலை கேட்கிற சத்தம். பிறகு, நாங்கள் இருவருமே கைப்பேசியைத் தள்ளிப் பிடிக்கிற அளவுக்கு உரத்த ஒரு குரல்:

"ஏன்டி, இருமலா எனக்கு? எவடி சொன்னா இருமல்னு? கால்ல ஆணி குத்திச்சுடி! நொண்டிக்கிட்டுல வந்தேன். அதக்கூடப் பாக்கல நீ..."

அக்கா பதிவை நிறுத்தினார். காத்திருந்தவர்கள் எல்லாரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முதுகை அவர்கள் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி, சீருடை நுனியால் துடைத்தார். திரும்பவும் முதலிலிருந்து போட்டார். இந்த முறை முழுவதும் கேட்டார். நீளமான பதிவு. பாதி வசவு, பாதி சிரிப்பு.

முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"இருமல எடுத்துட்டு ஆணின்னு போடுங்கம்மா," என்றார். "இன்னைக்கே போடுங்க. அவ மறுபடியும் வெளாடுவா."